வெந்நீர் ஊற்றும் அது படிய வைக்கும் கல்லும்: கேள்வி பதில்

பல்லாவரத்திலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் மலை பழைய எரிமலை என்கிறார்களே, பிறகு ஏன் இங்கே சுடுதண்ணீர் ஊற்று இல்லை?

அது எரிமலை இல்லை சார். பல்லாவரம், பரங்கிமலை இரண்டுமே சார்னோக்கைட் பாறை. பூமிக்குள் ரொம்ப ஆழத்தில் சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னால் உருவானது, அந்தச் சூடு எப்போதோ ஆறிவிட்டது. இந்தியாவில் இன்றைக்கும் புகையும் எரிமலை அந்தமானின் பாரன் தீவில்தான் இருக்கிறது.

வேளச்சேரியிலிருந்து: வெந்நீர் ஊற்றுப் படங்களில் படிக்கட்டு மாதிரி வெள்ளைக் கல் இருக்கிறதே, அதை யார் கட்டினது?

தண்ணீர்தான். போர் தண்ணீர் ஓடும் வீடு என்றால் கீசரைக் கழற்றிப் பாருங்கள், பாதி புரிந்துவிடும். எங்கள் வீட்டில் போன மாதம் மாற்றிய காயிலைச் சுற்றி வெளுத்துப்போன ஓடு, சுண்டுவிரல் தடிமனுக்கு. ஒரு சில்லை உடைத்து எலுமிச்சைச் சாறு விட்டேன், பொஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மாமத் ஊற்றுப் படிகளும் இதே சரக்குதான். அடியில் கரியமில வாயு கலந்த சுடுதண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது, வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பறந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு அப்படியே படிகிறது. குளத்தின் விளிம்பில் தண்ணீர் மெல்லிசாக வழிவதால் அங்கே வாயு வேகமாக வெளியேறி, விளிம்பு மட்டும் உயர்ந்துகொண்டே போகும். அதுதான் படி.

கீசர் என்ற பேரே ஐஸ்லாந்தின் கெய்சிர் ஊற்றிலிருந்து வந்தது. ஆனால் அங்கே படிவது மணலில் இருக்கும் சிலிக்கா, எலுமிச்சை விட்டால் நுரைக்காது.

மயிலாப்பூரிலிருந்து: இந்த ஊற்றுகளில் தெரியும் மஞ்சள், ஆரஞ்சு நிறமெல்லாம் தாதுவா?

இடத்தைப் பொறுத்தது. யெல்லோஸ்டோனின் கிராண்ட் பிரிஸ்மாடிக் குளத்தின் ஓரத்து ஆரஞ்சு, நுண்ணுயிர்கள். நடுவில் அவையும் தாங்காத சூடு, அதனால் வெறும் நீலம். எத்தியோப்பியாவின் டல்லோலில் கதையே வேறு: கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் இடம், கந்தகம், இரும்பு, உப்பு மூன்றும் சேர்ந்த மஞ்சளும் பச்சையும். பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கடுமை, அங்கே அது பூஜ்யத்துக்கும் கீழே!

அம்பத்தூரிலிருந்து: அருகில் போய்த் தொட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மேலே கல்லாகத் தெரிவது சில இடங்களில் அப்பளம் மாதிரி மெல்லிய ஓடு, கீழே கொதிதண்ணீர். யெல்லோஸ்டோனில் மட்டும் 20 பேருக்கு மேல் வெந்து இறந்திருக்கிறார்கள். நடக்கப் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்கவே கூடாது. அப்புறம், அழுகின முட்டை நாற்றம் அடித்துத் திடீரென்று நின்றுபோனால் அந்த விஷ வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கும். அந்த வாயு தேங்கும் பள்ளத்தில் நிற்காமல் மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

தாம்பரத்திலிருந்து: இந்தப் படிகள் எவ்வளவு காலம் நிற்கும்?

ஊற்று ஓடும்வரை வளரும். நியூசிலாந்தின் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இரண்டு சிலிக்காப் படிவரிசைகள் இருந்தன, கப்பலேறிப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். 1886 ஜூன் 10 அன்று தாரவேரா எரிமலை வெடித்தது, ஒரே இரவில் இரண்டும் கண்ணுக்கு இல்லாமல் போயின. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. புகைப்படங்கள் இருக்கின்றன, எல்லாம் கருப்பு வெள்ளை. அந்த இளஞ்சிவப்பைப் பார்க்க ஓவியங்களைத்தான் நம்ப வேண்டும்.