கழுவெளிக்கு மேலே இருப்பவர்கள்

கேள்வி: நாங்கள் சென்னையின் தெற்குப் பகுதியில், செம்பாக்கம் ஏரிக்கு அருகில் வசிக்கிறோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் காக்கும் பணியில் பங்குகொள்ள எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் விரும்புகிறது. ஆனால் அது வனத் துறையின் பொறுப்பில், எங்களிடமிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: சதுப்பு நிலத்துக்கு அருகில் குடியிருப்பவர்களைவிட உங்களுக்கே வேலை அதிகம். உங்கள் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழியும் கரையமைப்பு) வழியே வெளியேறும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணையை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. 2007-இல் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவை பெரிய வெற்றிகளே. எனினும், மேலிருந்து வரும் நீரின் அளவையும் தரத்தையும் எந்த வேலியாலும் திருத்த முடியாது.

பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தைக் கழுவெளி என்பார்கள்; அது மழைக்காலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கும் நிலம். நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றிலும் ஆழமற்ற நீரிலும்தான் உள்ளான் போன்ற கரையோரப் பறவைகள் இரை தேடுகின்றன. மேலேயுள்ள ஏரிகளின் வழியே ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்துகொண்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் குலைகிறது. கழிவுநீரிலுள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது. எனவே உங்கள் முதல் வேலை, சங்கத்தின் உறுப்பினர் வீடுகளிலிருந்து எந்தக் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலில் இணைக்கப்படவில்லை என்பதை உறுதி செய்வது. பக்கத்து வீட்டாரின் மனத்தாங்கலுக்கு அஞ்சிப் பல சங்கங்கள் இதைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது வேலை ஆவணம் சார்ந்தது. ஏரிகளின் எல்லையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. ஏரிகளை இணைக்கும் வரத்துக் கால்வாய்களையும் போக்குக் கால்வாய்களையும் கேட்பாரில்லை. அவை சுருங்கினால் வெள்ளம் தெருக்களின் வழியே இறங்கும். வருவாய்த் துறையின் இணைய சேவையில் புல எண்ணைக் கொடுத்து ‘அ’ பதிவேட்டையும் (நிலத்தின் வகை, பரப்பு முதலிய விவரங்கள் அடங்கிய பதிவு) புல வரைபடத்தையும் எடுத்து, கால்வாய் இப்போது இருக்கும் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் புகைப்படங்களுடன் வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் தாம்பரம் மாநகராட்சிக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். ஏரி ஒருவரிடமும் வடிகால் இன்னொருவரிடமும் இருப்பதால், தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட வாய்ப்புண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில் இதைச் செய்வது நல்லது.

கேள்வி: சதுப்பு நிலக் கரையில் மரக்கன்றுகள் நட எங்கள் அலுவலகத்தில் நிதி திரட்டுகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எந்த இடத்தில், எந்த வகைக் கன்று, வனத் துறையின் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இது சம்பும் கோரையும் புல்லும் வளரும் திறந்த வெளி; இங்கு மரங்களை நெருக்கி நட்டால் அதன் இயல்பே மாறிவிடும். ஏரிகளைத் தூர்வாரும் திட்டங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: கரையைச் செங்குத்தாக வெட்டி ஏரியைத் தொட்டியாக்கிவிட்டால் கொள்ளளவு கூடலாம், ஆனால் ஆழமற்ற ஓரங்கள் போய்விடும். பணத்தைவிட நேரம் கொடுக்க முடியுமானால், பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் பகுதி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே ஏரியில் எடுக்கும் பட்டியல், பின்னாளில் மனு எழுதும்போது வலுவான சான்றாக நிற்கும்.