கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்பத்தூரில் ஆறு வருடம் ஜிம் ட்ரெய்னராக இருந்துவிட்டு எம்.எஸ்சி. படிக்க லண்டன் வந்திருக்கிறீர்கள். பக்கத்து ஜிம்மில் "மாத வாடகை கட்டிவிட்டு பெர்சனல் ட்ரெய்னராக வேலை செய், முதல் மாதம் வாடகை இல்லை" என்று காண்ட்ராக்ட் நீட்டியிருக்கிறார்கள். எந்த சர்டிபிகேட் நல்லது, மாதம் எவ்வளவு பார்க்கலாம், ஈஸ்ட் ஹாமில் ரூம் எடுக்கலாமா, புரோட்டீன் பவுடர் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். பவுடர் இங்கே எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, விட்டுவிடுங்கள். அந்தக் காண்ட்ராக்டைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அதே மாதிரி ஒரு தாளை 2009இல் எனக்கும் நீட்டினார்கள்.

நீங்கள் இருப்பது ஸ்டூடண்ட் விசாவில். அதில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சுயதொழில் அறவே கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. ஜிம்முக்கு வாடகை கட்டி, கிளையண்டிடம் நேராகக் காசு வாங்கினால் அதன் பெயர் செல்ஃப் எம்ப்ளாய்டு. அதை ஒரு மணி நேரம் செய்தாலும் விசா விதியை மீறியதாகத்தான் ஆகும். விளையாட்டுப் பயிற்சியாளர் வேலையும் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. ஜிம் வேலை எந்த அளவுக்கு அதற்குள் வரும் என்று உங்கள் யூனிவர்சிட்டியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஜிம் மேனேஜர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்வார். அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான்.

என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், என்னைவிட நல்ல ட்ரெய்னர். அவர் கையெழுத்துப் போட்டார். ஒழுங்காக வரியும் கட்டினார். அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்தபோது அந்த வரிக் கணக்கே அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. நேர்மையாக இருந்த மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். ரொக்கமாக வாங்கி மறைத்தவர்கள் சிலர் தப்பித்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் அப்போது வேறொரு ஜிம்மில் சம்பளத்துக்கு இருந்தேன். மெஷின் துடைப்பது, டவல் மடிப்பது, காலை ஐந்தரைக்குக் கதவு திறப்பது. ஊரில் போட்டிக்குப் பையன்களைத் தயார் செய்தவன் இங்கே வியர்வை துடைத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. துடைத்துக்கொண்டே இந்த ஊர் ஜனம் எப்படிப் பேசுகிறது, எதற்குக் காசு கொடுக்கிறது, எதற்கு முகம் சுளிக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஊரில் "அண்ணா, இன்னும் பத்து எடுங்க" என்று கத்தி வேலை வாங்குவோம் இல்லையா, இங்கே அது நடக்காது. தொட்டு நிமிர்த்துவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வலி என்று ஒருவர் சொன்னால் அதோடு நிறுத்த வேண்டும். நன்றாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த வாரம் வராமல் போவார்கள், அந்தச் சிரிப்பை எடைபோடப் பழக வேண்டும். டவல் மடிக்கும் வேலை என்று யாராவது கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்ட் ஹாமில் ரூம் எடுப்பதாக இருந்தால் பக்கத்திலிருக்கும் ஃபாரஸ்ட் கேட் வரை நடந்து போய்ப் பாருங்கள். அங்கே ரோம்ஃபோர்டு ரோட்டில், ஜிம்முக்கு மேலே இருந்த வேக் பென்னட் என்ற ஜிம் உரிமையாளரின் வீட்டில்தான் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் 1966 வாக்கில் தங்கிப் பயிற்சி எடுத்தார். ஆங்கிலம் சரியாக வராத ஆஸ்திரியப் பையன். அந்த வருடம் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம், அடுத்த வருடம் முதலிடம். 1968இல் அமெரிக்கா போனபின்னும் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, நண்பர் ஃப்ராங்கோ கொலம்புவோடு செங்கல் வேலை எடுத்துச் செய்தார். முதலில் நிலையாக ஒரு வருமானம், அதன்மேல் தொழில். அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் சுயதொழில் செய்யலாம். தொழில்முறை விளையாட்டு வீரராக மட்டும் இருக்கக்கூடாது. இப்போது அது இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அப்போது இந்தக் காண்ட்ராக்ட் மறுபடி உங்கள் கைக்கு வரும், அதனால் அதைப் படிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வாடகை மாதம் 600 பவுண்ட், நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு 35 பவுண்ட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் பதினேழு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல் ஜிம்முக்கு உழைக்கிறீர்கள். அதன் பிறகு இன்சூரன்ஸ், பயணம், வரி. எல்லாம் போக மிச்சம்தான் உங்கள் அரிசிக்கு. முதல் மாதம் இலவசம் என்கிறார்களே, அந்த மாதத்தில் புது ட்ரெய்னரிடம் கிளையண்ட் யாரும் சேர்வதில்லை. ஜனவரியில் வந்து குவிவார்கள், ஆகஸ்டில் ஸ்பெயினுக்குப் போய்விடுவார்கள், டிசம்பரில் பார்ட்டிக்குப் போய்விடுவார்கள். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும். ஒரு ஜிம்மில் ஷவரும் ஹீட்டிங்கும் வேலை செய்யாமல் வாரக்கணக்கில் கிடந்தபோதுகூட என்னிடம் முழு வாடகை வாங்கினார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் அந்த மேனேஜரின் மின்னஞ்சலை இன்னும் வைத்திருக்கிறேன்.

வாடகையைவிட முக்கியமானது, விலகும்போது என்ன ஆகும் என்ற பத்தி. இத்தனை மைல் சுற்றளவில் இத்தனை மாதம் இந்த ஜிம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடாது என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் காசு கொடுத்து நின்ற இடத்தில், நீங்கள் தேடிப் பிடித்த ஆளை அவர்களுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம். அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன், எடுத்தார்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை. போலந்துப் பையன்களும் பிரேசில் பெண்களும் வரிக்கு வரி விரல் வைத்துக் கேட்பார்கள், நாம் "தேங்க்யூ சார்" என்று பேனாவை எடுப்போம். வாடகைக்குப் பதிலாக வாரம் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் ஜிம்முக்கு வேலை செய்யும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. முதல் வருடத்துக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து.

அடுத்து வரி. இதில் நம் ஆட்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. சொந்தத் தொழில் தொடங்கிய வரி வருடம் ஏப்ரல் 5இல் முடிந்தபின், வரும் அக்டோபர் 5க்குள் எச்எம்ஆர்சி என்ற இங்கிலாந்து வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஜனவரி 31க்குள் கணக்கும் காசும் போய்ச் சேர வேண்டும். முதல் ஜனவரியில் இன்னொரு அடி இருக்கிறது. பில் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வருட வரியோடு அடுத்த வருடத்துக்கு முன்பணமாகப் பாதியையும் சேர்த்துக் கேட்பார்கள். நூறு கட்ட வேண்டிய இடத்தில் நூற்றைம்பது. இது தெரியாமல் கிரெடிட் கார்டில் விழுந்த ட்ரெய்னர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் வரும் ஒவ்வொரு பவுண்டிலும் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள்.

"ரொக்கமாக வாங்கு, யாருக்குத் தெரியும்" என்று உங்களுக்குச் சொல்ல ஒரு அண்ணன் கட்டாயம் வருவார். இங்கே முப்பது வருடம் இருந்தவராக இருப்பார், பெரிய கார் வைத்திருப்பார். கேட்காதீர்கள். 2020 மார்ச் 20 சாயங்காலம் எல்லா ஜிம்மையும் மூடச் சொன்னார்கள். சுயதொழில்காரர்களுக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது. முந்தைய வருடங்களில் காட்டிய லாபத்தின் சராசரியில் 80 சதவீதம், மூன்று மாதத்துக்கு அதிகபட்சம் 7,500 பவுண்ட். காட்டிய லாபத்தில்தான், வந்த லாபத்தில் இல்லை. எனக்கு வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான தொகை வந்தது. வருடக்கணக்கில் வருமானத்தைக் கால்வாசி எழுதியவர்களுக்குக் கால்வாசிதான் வந்தது. என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சொன்ன ஒருவர், எனக்கு போன் செய்து கடன் கேட்டார். கொடுத்தேன். வீட்டுக் கடனுக்குப் போனாலும் இதே கதைதான், வங்கி பொதுவாக இரண்டு வருடக் கணக்கைக் கேட்கும். நீங்கள் எழுதாத வருமானம் அவர்களுக்கு வருமானமே இல்லை.

அந்த ஊரடங்கில்தான் என் தொழில் உண்மையில் உருவானது. என் மனைவி யாழ்ப்பாணக் குடும்பம், இங்கேயே வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு விசாப் பிரச்சினை தீர்ந்து சொந்தத் தொழிலுக்கு வந்திருந்தேன், ஆனாலும் கிளையண்ட் எல்லாரும் வங்கியில் வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள்தான். மூடிக் கிடந்த நாளில் மாமியார் தன் கோயில் தோழிகளை ஜூமில் சேர்த்துவிட்டார். ஐம்பது, அறுபது வயது அம்மாக்கள். டம்பெல் இல்லை, இரண்டு கிலோ பருப்புப் பொட்டலம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவார்கள், பின்னால் குக்கர் விசில் அடிக்கும். ஒரு அம்மா முழங்கால் வலியால் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியவர். சில மாதத்தில் நின்று இறங்கி வந்து, கேமராவைத் திருப்பி எனக்குக் காட்டினார். மிஸ்டர் தமிழ்நாடு மேடையில் நான் தயார் செய்த பையன் நின்றபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

நம் உடம்பு வேறு மாதிரி. நைஸ் என்ற இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டு அமைப்பு, மற்றவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25 என்றால் தெற்காசியர்களுக்கு 23இலேயே கவனிக்கச் சொல்கிறது, உடல்பருமன் என்று சொல்ல 30க்குப் பதில் 27.5. சர்க்கரை நோய் நமக்கு மெலிந்த உடம்பிலேயே வருகிறது. டாக்டர் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். எதைச் செய்வது, தமிழில் யார் சொல்லித் தருவது? ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, வெம்ப்ளி, ஹாரோ, டூட்டிங் எல்லா இடத்திலும் இந்தத் தேவை இருக்கிறது. இளம் ட்ரெய்னர்கள் எல்லாரும் சட்டையில்லாமல் கண்ணாடி முன்னால் வீடியோ எடுத்துக்கொண்டு இருபத்தைந்து வயதுப் பையன்களுக்காக அடித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு ஆள் இல்லை.

ஆனால் அந்த வேலைக்குத் தகுதி வேண்டும். இங்கே உங்கள் சர்டிபிகேட் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. லெவல் 2 ஜிம் இன்ஸ்ட்ரக்டர், அதன்மேல் லெவல் 3 பெர்சனல் ட்ரெய்னர். சிம்ஸ்பா என்ற இந்தத் தொழிலுக்கான அமைப்பின் அங்கீகாரம் உள்ளதா என்று மட்டும் பார்த்துச் சேருங்கள், பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்துச் சேராதீர்கள். நோயாளிகளுக்கு எக்சர்சைஸ் ரெஃபரல் என்று தனியாக ஒரு லெவல் 3 இருக்கிறது. அதை முடிக்காமல் இன்சுலின் போடும் ஒருவரை எடுக்காதீர்கள். உடல்நலக் கேள்விப் படிவம் நிரப்பாமல் சொந்த மாமாவைக்கூட எடுக்காதீர்கள். சர்க்கரை இறங்கி ஒருவர் என் கண்முன்னால் தள்ளாடினார். பையில் குளுக்கோஸ் மாத்திரை இருந்ததால் சமாளித்தேன், இன்றுவரை அது இல்லாமல் நான் கிளம்புவதில்லை. பொறுப்புக் காப்பீடு முதல் நாளிலேயே எடுக்க வேண்டும். பார்க்கில் வகுப்பு எடுக்கலாம் என்று ஹைட் பார்க்குக்குப் போய் நிற்காதீர்கள், அங்கே காசு வாங்கிப் பயிற்சி கொடுக்க லைசென்ஸ் கேட்பார்கள், கவுன்சில் பார்க்குகளிலும் விசாரித்துவிட்டுப் போங்கள். ஹாலில் பாட்டுப் போட்டு வகுப்பு எடுத்தால் அதற்கும் இசை லைசென்ஸ் உண்டு.

ஊசி, மாத்திரை விஷயத்தை எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் ஊர் ஜிம்மிலிருந்து வருபவர் என்பதால் எழுதுகிறேன். ஸ்டீராய்டு இங்கே கிளாஸ் சி வகை. யாருக்காவது வாங்கிக் கொடுத்தாலே குற்றம், பதினான்கு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. "ஊரிலிருந்து கொண்டு வாப்பா" என்று யார் கேட்டாலும் அந்த ஆளோடு பழக்கத்தை விடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. நம் ஆட்கள் "தெரிஞ்ச பையன்தானே" என்று பாதி விலை கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பத்து வகுப்புக்கு முன்பணம், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் காசு திரும்பாது, இதை எழுத்தில் வையுங்கள். கோயில் ஹாலில் வாரம் ஒரு வகுப்பு இலவசமாக எடுங்கள், அது வேறு. அதை நானும் எடுக்கிறேன், அங்கே வந்தவர்கள்தான் பிறகு முழு விலை கொடுத்து வருகிறார்கள்.

மாதம் எவ்வளவு வரும் என்பதற்கு நான் எண் சொல்ல மாட்டேன், அது முதல் வருடம் பட்டினி போடும், நான்காவது வருடம் வேறு மாதிரி இருக்கும். ஈஸ்ட் ஹாமில் ரூம் எடுங்கள், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, ஆனால் ஆறு பேர் இருக்கும் வீட்டில் டெபாசிட்டுக்கு ரசீது வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். இப்போதைக்கு அந்த மேனேஜரிடம் சம்பள வேலை, ரிசப்ஷனோ சுத்தம் செய்வதோ, 20 மணி நேரத்துக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். காண்ட்ராக்டின் கடைசி இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து, பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை மதியம் வகுப்பு இல்லை, அப்போது உட்கார்ந்து படித்துவிட்டு போன் செய்கிறேன்.