டிக்கெட்டில் உள்ள நேரமும் பயணம் செய்யும் நேரமும்

கேள்வி: ஜூலை மாதம் அதிகாலை 5.30 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, அதே நாள் பகல் 12 மணிக்கு லண்டன் சேரும் என்று என் டிக்கெட்டில் உள்ளது. ஆறரை மணி நேரப் பயணம்தானே? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, பதினொரு மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். லண்டன் கடிகாரம் கோடையில் நமக்கு நாலரை மணி நேரமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும்.

கேள்வி: தூரம் சுமார் 8,200 கி.மீ., வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றால் ஒன்பது மணி நேரம் போதுமே? திரும்பி வரும்போது மட்டும் நேரம் குறைவது ஏன்? – வாசகர், சேலம்

பதில்: 8,200 என்பது பூமி உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம், விமானமோ அனுமதிக்கப்பட்ட வான்வழிகளில், மூடப்பட்ட வான்பரப்புகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரு நிலையங்களிலும் தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் கணக்கில் சேரும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, போகும்போது எதிர்த்து நிற்கிறது, வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது.

கேள்வி: 'டைரக்ட்' என்று சொல்லித்தான் ஏஜென்ட் டிக்கெட் கொடுத்தார். வழியில் ஓர் ஊரில் இறங்கி மூன்று மணி நேரம் நின்றது. இது மோசடி இல்லையா? – வாசகர், மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, நானும் இதே சொல்லை நம்பிப் பணம் கட்டியவன். மூட்டுவலியால் அவதிப்படும் என் தாயாரை, ஏறினால் ஊரில்தான் இறங்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனேன். நடுஇரவில் அறியாத ஊரில் அனைவரையும் இறக்கிவிட்டபோது, சக்கர நாற்காலி வரும்வரை மருந்துப் பையை மடியில் அணைத்தபடி, குளிரூட்டிய கூடத்தின் இரும்பு இருக்கையில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அமர்ந்திருந்தார். விமானத் தொழிலில் 'டைரக்ட்' என்றால் ஒரே விமான எண் என்றுதான் பொருள்; வழியில் தரையிறங்கலாம், சில சமயம் விமானமே மாறலாம். எங்கும் இறங்காதது 'நான்-ஸ்டாப்' மட்டுமே. இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்த ஏஜென்ட்டுகள் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லாமல் விடுவதை நான் வெறும் கவனக்குறைவாகக் கருதவில்லை. பணம் கட்டும் முன் மொத்தப் பயண நேரத்தைக் கேளுங்கள். லண்டனுக்குப் பதினான்கு மணி நேரம் என்றால், எங்கே நிற்கிறது என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: விலை மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் வாங்கிவிட்டேன். நடுவில் 70 நிமிடம் இருக்கிறது. போதுமா? – வாசகர், கோவை

பதில்: போதாது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: லண்டனில் இயந்திரக் கோளாறு என்று சொல்லி, சென்னைக்கு ஐந்து மணி நேரம் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓர் உணவுக் கூப்பனோடு முடித்துவிட்டார்கள். – வாசகி, திருநெல்வேலி

பதில்: அத்தோடு விடாதீர்கள், அம்மா. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் அந்நாட்டு விதி பொருந்தும். தூரம் 3,500 கி.மீ.க்கு மேல், சேர்வதில் தாமதம் நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்றால் இழப்பீடு 520 பவுண்டு. மோசமான வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. வழக்கமான இயந்திரக் கோளாறு அதில் சேராது என்று அங்குள்ள நீதிமன்றமே 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. போர்டிங் பாஸின் நகலை இணைத்து, நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள்.