மனச்சோர்வு ஆயுளைக் குறைக்குமா?

“2009க்குப் பிறகு அம்மா ஒடுங்கிப் போனார். ‘யோசிச்சு யோசிச்சே ஆள் முடிஞ்சிடும்’ என்று கிளிநொச்சியில் அயலவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இருக்கிறது. கடும் மனச்சோர்வு உள்ளவர்கள் வேளைக்கே இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 முதல் 60 சதவீதம் கூடுதல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை அதில் ஒரு பங்குதான். இதயநோய், பக்கவாதம், நீரிழிவு போன்ற உடல் வருத்தங்களின் பங்கு பெரிது.

நித்திரை குழம்பும், கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடும், பிரஷரும் சீனியும் ஏறும். ஆனால் வன்னியில் நான் அதிகம் காண்பது இன்னொன்று. கிளினிக் நாள் வரும். “போய் என்ன செய்ய” என்று ஆள் பாயில் மறுபக்கம் திரும்பிப் படுக்கும். குளிசை தொடாமலே கிடக்கும். வெறும் தேத்தண்ணியோடு பகல் போய்விடும். ஆண்கள் சிலர் கசிப்பில் இறங்கிவிடுகிறார்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயின் துயரத்தை நோய் என்று சொல்ல மாட்டேன், அது அநியாயம். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் நித்திரையும் குறைந்து போனால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மனச்சோர்வு சிகிச்சைக்கு இணங்கும் நோய். மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவை விசாரியுங்கள். பிரஷர், சீனியையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். “சாக வேண்டும்” என்று வாய்விட்டால் தனியே விடாதீர்கள், வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள், தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு அழையுங்கள்.