கோலாலம்பூரிலிருந்து பினாங்குப் பெருநிலத்துக்குக் குடிமாறுகிறோம். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் பிடிபட்டது. கணவருக்குப் பத்து காவானில் வேலை, மகள் அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டு, வீடு இப்போதைக்கு வாடகைக்குத்தான். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட் என்று மூன்று பெயரை எழுதி வைத்துக்கொண்டு குழம்பியிருக்கிறீர்கள். 2018 தொடக்கத்தில் கோலாலம்பூர் செந்தூலை விட்டு வந்தபோது எங்கள் கையிலும் இதே பட்டியல்தான் இருந்தது.

நாங்கள் முதலில் பார்த்தது பட்டர்வொர்த். கே.எல்.காரர்களுக்கு, அதாவது கோலாலம்பூர்வாசிகளுக்கு, ரயில் நிலையம் பக்கத்தில் என்றாலே பாதி மனசு சமாதானமாகிவிடும். இ.டி.எஸ். என்கிற தொலைதூர மின்சார ரயில் அங்கே வந்து நிற்கிறது, எதிரிலேயே ஃபெரி, இரண்டு வெள்ளியில் (ரிங்கிட்டில்) தீவிலிருக்கும் ஜோர்ஜ்டவுன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கணவர் தினமும் போகப்போவது தீவுக்கு இல்லையே, தெற்கே பத்து காவானுக்கு. பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பினால் காலையிலும் மாலையிலும் ஜூரு நெரிசலைத் தாண்டியாக வேண்டும். சுங்கை டுவாவுக்கும் ஜூருவுக்கும் இடைப்பட்ட அந்த நெடுஞ்சாலைத் துண்டைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும். கொம்யூட்டர் ரயிலை நம்பலாமா என்றால், அது கே.எல். நகர ரயிலான எல்.ஆர்.டி. மாதிரி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வராது.

அதனால் என் ஓட்டு புக்கிட் மெர்தாஜாமின் தெற்குப் பக்கத்துக்கு, அதாவது ஆல்மாவிலிருந்து சிம்பாங் அம்பாட் வரைக்கும். பழைய கூட்டரசுச் சாலையைப் பிடித்தால் ஜூருவைத் தொடாமலே பத்து காவான் போய்விடலாம். பத்து காவானிலேயே ஏன் இருக்கக்கூடாது என்று கேட்பீர்கள். இருக்கலாம். தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் அங்கேதான் ஏறுகிறது, 2019-இல் ஐக்கியாவும் வந்துவிட்டது. புது வீடுகளுக்கும் குறைவில்லை. ஆனால் எங்கள் வீட்டு அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. "கீரை வாங்கக்கூட கார் எடுக்கணுமா?" என்றார். புக்கிட் மெர்தாஜாம் பழைய ஊர். சந்தை, கோயில், தையல்காரர், ஒட்டுக்கடைத் தோசை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஊரைத் தேர்ந்தெடுப்பதுகூட சுலபம். நாங்கள் வழுக்கியது தாமானை, அதாவது குடியிருப்பைத் தேர்ந்தெடுப்பதில். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஏஜெண்டு காட்டிய ஒரு தெராஸ் வீடு (வரிசை வீடு) எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வாடகையும் குறைவு, வாசலில் மாமரம் வேறு. வரவேற்பறைச் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் புதுச் சாயம், அதற்கு மேலே பழைய சாயம். இரண்டு நிறம் கொடுத்து அழகாகத்தான் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, அன்றைக்கே 500 வெள்ளி முன்பணமும் கட்டிவிட்டேன். கிளம்பும்போது என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கப் போனாள். திரும்பி வந்தவள், "அவங்க ஃபிரிட்ஜைப் போய்ப் பாருங்க" என்றாள். முட்டி உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டி அதன் மேலே ஃபிரிட்ஜை ஏற்றியிருந்தார்கள். துணி துவைக்கும் இயந்திரமும் அதே மாதிரி மேடையில். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "ஏன் தம்பி, ஏஜெண்டு சொல்லலையா? போன நவம்பர்ல கட்டில் மெத்தையே மிதந்துச்சு" என்றார்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த பெருவெள்ளம் கே.எல்.லில் இருந்த எங்களுக்கு வெறும் டி.வி. செய்தி. அந்தத் தாமானுக்கு அது சுவரில் பூசி மறைத்த கோடு. முன்பணம் போனது போனதுதான், ஏஜெண்டு அப்புறம் போனை எடுக்கவேயில்லை.

ஆகவே வீட்டைப் பார்க்கும்போது சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். கதவு நிலையின் அடிமரம் உப்பியிருக்கிறதா, பிளக் பாயிண்டுகளை மட்டும் மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். முக்கியமாக, ஏஜெண்டு போன பிறகு இரண்டு வீடு தள்ளிக் கதவைத் தட்டிக் கேளுங்கள். தமிழர் வீடாக இருந்தால் தேத்தண்ணியோடு முழுக் கதையும் கிடைக்கும். முடிந்தால் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் பார்க்க வாருங்கள், மழை அப்போதுதான் பலமாக இருக்கும்.

தண்ணீர் வராத நாளும் உண்டு. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக நான்கு நாள் விநியோகத்தை நிறுத்தினார்கள். வீட்டுக் கூரையில் தொட்டி இருக்கிறதா, எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். இன்னும் தெற்கே நிபோங் தெபால் பக்கம் வாடகை குறைவு என்று யாராவது சொன்னால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நீங்கள் சொல்கிற வட்டாரத்தில் புக்கிட் மெர்தாஜாம் தமிழ்ப்பள்ளியும் பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் உண்டு. ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பள்ளிக்கு நேரில் போய் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், பள்ளி வேன் அந்தத் தாமானுக்குள் வருமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். முதல் வருஷம் முழுக்கக் காலை ஆறரைக்கு மகனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

வைப்புத்தொகை இங்கேயும் கே.எல். மாதிரிதான், இரண்டு மாத வாடகையும் தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதமும் கேட்பார்கள்.

வீடு அமைந்து, புக்கிட் மெர்தாஜாம் ஊருக்குள்ளேயே வருவதாக இருந்தால், சாமான் லாரியை ஜூலை கடைசி வாரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். 26-ஆம் தேதி புனித அன்னாள் தேவாலயத் திருநாள். நாடு முழுக்க இருந்து கூட்டம் வரும். எங்கள் மெத்தையும் நாங்களும் கூலிம் சாலையில் மூன்று மணி நேரம் நின்றோம்.