சொந்த வண்டியை ஆப்ல ஓட்டுறீங்களா? இன்சூரன்ஸ் பத்தி கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில 19 வருஷமா மோட்டார் கிளெய்ம் வேலையில இருக்கேன். ஆக்சிடென்ட் ஆன வண்டியை பாக்கறது, பாலிசியை படிக்கறது, ஸ்மால் காசஸ் கோர்ட்ல நடக்குற நஷ்டஈடு கேஸுக்கு பேப்பர் தயார் பண்றது, இதுதான் தினமும். பைக் டாக்ஸி, ஒயிட் போர்டு கார் (சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச கார்) கேஸெல்லாம் இப்ப ரொம்ப வருது, அதுல பாதி பேருக்கு தன் பாலிசியில என்ன இருக்குன்னே தெரியாம வர்றாங்க, அதனாலதான் இன்னைக்கு உக்காந்து பதில் சொல்லலாம்னு நெனச்சேன். உங்க பாலிசியை பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

திருச்சி, பைக் டாக்ஸி ஓட்டுறவர்: அண்ணே, வண்டி வாங்கும்போதே ஷோரூம்ல அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஆப்ல ஓட்டுறேன். எதாச்சும் ஆனா கவர் ஆகும்ல?

தம்பி, இந்த "அஞ்சு வருஷம்" தான் நெறைய பேரை ஏமாத்துது. 2018 செப்டம்பர்ல இருந்து புது பைக்குக்கு அஞ்சு வருஷம், புது காருக்கு மூணு வருஷம் தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கான கவர், கட்டாயமா சேத்து வாங்கணும்னு வந்துச்சு. தேர்ட் பார்ட்டி மட்டும்தான் அஞ்சு வருஷம். உன் வண்டிக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருஷத்தோட முடிஞ்சிருக்கும், 15 லட்ச ரூபா பர்சனல் ஆக்சிடென்ட் கவரும் பல பேருக்கு ஒரு வருஷம்தான் போட்டிருப்பாங்க. பாலிசியை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல இருக்குற தேதியை தனித்தனியா பாரு, ஒரே தேதியா இருக்காது.

அடுத்து அதே பாலிசியில "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"னு ஒரு கட்டம் இருக்கும், எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். வண்டியை எதுக்கு வேணா ஓட்டலாம், ஆனா வாடகைக்கு இல்ல, கூலிக்கு இல்ல, ரேஸுக்கு இல்லன்னு வரிசையா போட்டிருப்பான். அந்த முதல் வார்த்தை, வாடகைக்கு இல்லங்கறது, அதுலதான் உன் நாலு மணி நேரம் மாட்டுது. நீ ரைடு அக்செப்ட் பண்ணுற நிமிஷமே அந்த வரியை மீறிட்ட.

இப்ப நீ ரோட்ல போற ஒருத்தர் மேல மோதிட்டன்னு வை. அவருக்கு காசு கிடைக்கும், அது பத்தி பயம் வேணாம். பர்மிட் இல்லாத வண்டின்னா கம்பெனி முதல்ல அவருக்கு கட்டிட்டு அப்புறம் ஓனர் கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2018ல அம்ரித் பால் சிங் கேஸ்ல சொல்லியிருக்கு. "பே அண்ட் ரெக்கவர்"னு சொல்லுவாங்க. அந்த ரெக்கவர் பக்கத்தை யாரும் யோசிக்கறதில்ல. ஆக்சிடென்ட் நடந்து மூணு வருஷம் கழிச்சு ஒரு அம்மா கோர்ட் கவரை கொண்டு வந்து என் டேபிள்ல வச்சாங்க, பிரிக்கவே இல்ல, "பையன் ஏதோ பார்சல்னான் சார், நீங்களே படிங்க"ன்னாங்க. உள்ள 11 லட்சத்துக்கு வசூல் மனு. பையன் அந்த வேலையை விட்டே ரெண்டு வருஷம் ஆகுது, பைக்கும் வித்தாச்சு. அவங்க பேர்ல இருந்தது அரை கிரவுண்டு வீடு ஒண்ணுதான்.

ஆலந்தூர், தினமும் மெட்ரோல இருந்து பைக் டாக்ஸில போறவங்க: சார், பின்னாடி உக்காந்து போற எங்களுக்கு என்ன?

மேடம், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா பின்னாடி உக்காந்து வர்றவங்க அதுல வர மாட்டாங்கன்னு 2006ல திலக் சிங் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பேக்கேஜ் பாலிசியா இருந்தா, அதாவது ஊர்ல ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றது, அப்ப கதை வேற, உங்களுக்கும் வழி இருக்கு. ஆனா புக் பண்ணும்போது வர்ற பையனோட பாலிசி எதுன்னு உங்களுக்கு எப்படி தெரியும், அவனுக்கே தெரியாது, மேல திருச்சி தம்பியை பாருங்க. அதனால உங்களுக்கு நெஜமான பாதுகாப்பு ஆப் கம்பெனி பயணிக்கு எடுத்திருக்குற இன்சூரன்ஸ். மத்திய அரசோட 2025 ஜூலை வழிகாட்டுதல்ல பயணிக்கு குறைஞ்சது 5 லட்சம் இருக்கணும்னு போட்டிருக்கு.

விழுந்துட்டீங்கன்னா செய்ய வேண்டியது இது. ஆஸ்பத்திரியில "வழுக்கி விழுந்தேன்"னு மட்டும் சொல்லாதீங்க, ரோடு ஆக்சிடென்ட்னே சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரியோட ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) போட வைங்க, அந்த ஏ.ஆர். காப்பி இல்லாம அப்புறம் எதையும் நிரூபிக்கறது கஷ்டம். ட்ரிப் ஸ்கிரீனை வண்டி நம்பரோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுல யாருக்காச்சும் அனுப்பிடுங்க. எஃப்ஐஆர் போடுங்க, பையன் பாவம்னு விட்டுடாதீங்க, எஃப்ஐஆர் இல்லேன்னா அவனுக்கும் ஆப் இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராம போகலாம். நஷ்டஈடு மனுவுக்கு சட்டத்துல ஆறு மாசம்னு கெடு இருக்கு, கட்டு பிரிக்கட்டும்னு காத்திருக்காதீங்க.

கோவை, ஸ்விஃப்ட் ஓனர்: ஒயிட் போர்டு தான், ஆனா ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார். சனி ஞாயிறு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஊட்டி, பழனி ட்ரிப் அடிக்கறேன். ஃபுல் இன்சூரன்ஸ்னா எல்லாம் வந்துடும்ல?

வராது சார். ஃபுல்லுங்கறது வண்டியில எவ்வளவு பாகம் கவர் ஆகுதுங்கறதுதான், வண்டியை எதுக்கு ஓட்டுறீங்கங்கறது அதுல அடங்காது. பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டுனா மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவுல 10,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில்னும் சட்டத்துல இருக்கு. "தெரிஞ்சவங்க" சாப்பாடு வாங்கிக் குடுத்தா பிரச்சனையில்ல, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கூகுள் பே பண்ணுனா அது வாடகைதான், அந்த கூகுள் பே மெசேஜே சாட்சி.

வண்டி டேமேஜுக்கு கம்பெனி முதல்ல ரிஜெக்ட் பண்ணும். முழுசா கை விட்டுட வேணாம். 2008ல நிதின் கண்டேல்வால் கேஸ்ல சொந்த உபயோகத்துக்கு பாலிசி போட்ட பொலேரோ டாக்ஸியா ஓடி திருட்டு போச்சு, 75 சதவீதம் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் வரை நின்னுச்சு. 2010ல அமலேந்து சாஹு கேஸ்லயும் அதே மாதிரி "நான் ஸ்டாண்டர்டு" முறையில, அதாவது முழுசா இல்லாம கொஞ்சம் குறைச்சு, குடுக்கச் சொன்னாங்க. ஆனா இதெல்லாம் வருஷக்கணக்கா நுகர்வோர் கோர்ட் ஏறி இறங்கி வாங்குனது, ஊட்டி மலையில மடங்குன வண்டியை வச்சுக்கிட்டு அவ்வளவு நாள் டியூ கட்ட முடியுமா சொல்லுங்க.

கணக்கை பாருங்க. 2022 ஜூன்ல வந்த ரேட்டுப்படி உங்க சிசிக்கு சொந்தக் கார் தேர்ட் பார்ட்டி வருஷத்துக்கு 3,416 ரூபா. அதே கார் டாக்ஸின்னா 7,940, அது போக ஒரு பயணிக்கு 978. நாலு பயணிக்கு மொத்தம் 11,852. வரியை விட்டா வித்தியாசம் 8,436, நாளைக்கு 23 ரூபா. பர்மிட், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), ரோடு டாக்ஸ், ஓன் டேமேஜ் கூடறது எல்லாம் தனி, அதை மறைக்கல. ஆனாலும் வாரா வாரம் ஓட்டுறீங்கன்னா மஞ்ச போர்டுக்கு மாத்திடுங்க. லோன் இருந்தா முதல்ல பைனான்ஸ்காரன் கிட்ட என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு லெட்டர்) கேளுங்க, அங்கதான் லேட் ஆகும்.

மதுரை: டாக்ஸி ஓட்ட பேட்ஜ் இல்லேன்னா கிளெய்ம் போயிடுமா?

போகாது. எல்எம்வி (கார் மாதிரி லைட் வண்டிக்கான) லைசன்ஸ் வச்சிருக்கவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாம்னு 2017ல முகுந்த் தேவாங்கன் கேஸ்ல வந்தது, 2024 நவம்பர் 6ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் அதை உறுதி பண்ணியாச்சு. யாராச்சும் அந்த காரணம் சொல்லி ரிஜெக்ட் பண்ணுனா எழுத்துல வாங்குங்க.

ஓஎம்ஆர், ஐடி: சார், நான் தாம்பரத்துல இருந்து சோழிங்கநல்லூர் போறேன், கூட மூணு கொலீக், பெட்ரோல் காசை பிரிச்சுக்கறோம். இதுவும் டாக்ஸியா?

தம்பி, ஆபீஸ் நண்பர்கள் பெட்ரோலை பிரிச்சுக்கறதை டாக்ஸின்னு யாரும் கேஸ் போட்டு நான் பாத்ததில்ல, லாபம்னு ஒண்ணு இல்லேல்ல. ஆனா ஆப்ல முன்ன பின்ன தெரியாதவங்களை ஏத்தி சீட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கும்போது கோடு மெலிஞ்சுடுது. 2020ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல இதுக்கு இடம் குடுத்திருந்தாங்க: ஊருக்குள்ள நாளைக்கு நாலு ட்ரிப், வெளியூர் வாரத்துக்கு ரெண்டு, கூட வர்றவங்களுக்கு 5 லட்சம் இன்சூரன்ஸ். ஆனா மாநிலம் வேணாம்னா இல்ல. பேக்கேஜ் பாலிசி வச்சுக்கோங்க, சொந்தக் கார்ல கூட வர்றவங்களும் அதுல வருவாங்கன்னு 2012ல பாலகிருஷ்ணன் கேஸ்ல தெளிவா இருக்கு. செலவுக்கு மேல ஒரு ரூபா வாங்காதீங்க.

பெங்களூர்ல இருக்குற தஞ்சாவூர்க்காரர்: இங்க ஒரு நாள் திடீர்னு பைக் டாக்ஸியே நின்னுச்சு. ஊர்ல ஓடுது. ஏன் இப்படி மாநிலத்துக்கு மாநிலம்?

ஏன்னா 2019ல சட்டத்துல ஆப் கம்பெனிக்கு லைசன்ஸ்னு 93வது பிரிவுல சேத்துட்டு, விதியை மாநிலம்தான் போடணும்னு விட்டுட்டாங்க. கர்நாடகாவுல 2021ல எலக்ட்ரிக் பைக் டாக்ஸி திட்டம் கொண்டு வந்து 2024 மார்ச்ல அவங்களே எடுத்துட்டாங்க. 2025 ஏப்ரல்ல ஹைகோர்ட், விதி போடுற வரைக்கும் ஓடக்கூடாதுன்னுச்சு, ஜூன் 16ல நின்னுச்சு, அதை எதிர்த்து கம்பெனிங்க அப்பீலும் போனாங்க. டெல்லியில 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டே பாலிசி வர்ற வரைக்கும் நிறுத்துச்சு, அந்த வருஷ கடைசியில எலக்ட்ரிக் மட்டும்னு திட்டம் வந்துச்சு. 2025 ஜூலை வழிகாட்டுதல்ல சொந்த பைக்கையும் மாநிலம் விரும்புனா அனுமதிக்கலாம்னு வந்திருக்கு. தமிழ்நாட்டுல 2024 டிசம்பர்ல போக்குவரத்து ஆணையர் பைக் டாக்ஸியா ஓடுற சொந்த வண்டிகளை செக் பண்ணச் சொன்னாரு.

என் மனசுல இருக்கறதை சொல்லிடறேன். ஆட்டோக்காரங்க கோபமும் எனக்குப் புரியுது, 2013ல போட்ட ரேட்டு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12, அதை வச்சு வருஷக்கணக்கா எவன் வண்டி ஓட்ட முடியும், அதுலயும் அவங்க பர்மிட், எஃப்சி, கமர்ஷியல் இன்சூரன்ஸ்னு எல்லாம் கட்டிட்டு நிக்கறாங்க. ஆனா சரின்னும் சொல்லாம தப்புன்னும் சொல்லாம ஓட விடறது பைக் ஓட்டுற பையனுக்கு செய்யற பெரிய அநியாயம். தடைன்னா அவன் வேற வேலை தேடுவான். அனுமதின்னா அதுக்கேத்த பாலிசி வாங்குவான். ரெண்டும் இல்லாததாலதான் வாங்கறதுக்கு பாலிசி இல்லாம ரோட்ல நிக்கறான்.

தஞ்சாவூர், ஒரு அக்கா: தம்பி ஃப்ரெண்டு பைக்கை வாங்கி ஆப்ல ஓட்டுனான். பின்னாடி லாரி இடிச்சு கால் முறிஞ்சிடுச்சு. வாடகைக்கு ஓட்டுனதால எதுவும் கிடைக்காதுன்னு சொல்றாங்க. உண்மையா?

இல்லக்கா, சொன்னவங்களுக்கு தெரியல. தப்பு லாரி மேலன்னா நஷ்டஈடு லாரியோட இன்சூரன்ஸ்ல இருந்துதான் வரும். உங்க தம்பி லாரிக்கு மூணாம் மனுஷன், பைக்கை எதுக்கு ஓட்டுனான்ங்கறது அந்த கேஸுக்கு தேவையே இல்ல. தைரியமா மனு போடுங்க, ஆப்ல வந்த வருமான ஸ்டேட்மெண்டை எடுத்து வைங்க, சம்பளம் நிரூபிக்க அதுதான் ஆதாரம். லாரி நிக்காம போயிருந்தா ஹிட் அண்ட் ரன் திட்டத்துல பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனா 2 லட்சம், அந்த மனு தாசில்தார், கோட்டாட்சியர் பக்கம் போகும்.

யாரும் இடிக்காம தானா விழுந்திருந்தா மட்டும் சிக்கல். கடன் வாங்குன வண்டின்னா ஓட்டுறவன் ஓனர் இடத்துல நிக்கறான்னு 2020ல ராம்கிலாடி கேஸ்ல சொல்லியாச்சு, அப்ப ஆப் குடுக்குற ஆக்சிடென்ட் இன்சூரன்ஸை விட்டா வேற இல்ல. தம்பி எழுந்து உக்காந்ததும் நலவாரியத்துலயும் இ-ஷ்ரம்லயும் (மத்திய அரசோட தொழிலாளர் பதிவு தளம்) பதிய வைங்க. 2023 சுதந்திர தினத்துல முதல்வர் அறிவிச்ச கிக் தொழிலாளர் (ஆப் மூலமா வேலை பாக்கறவங்க) வாரியம் இவனை மாதிரி ஆளுக்குத்தான்.

சேலம்: ஆப் ஆன்ல இருக்கு, ஆனா ட்ரிப் இல்ல. அப்ப ஆக்சிடென்ட் ஆனா?

நல்ல கேள்வி. அமெரிக்காவுல இதுக்கு தனி சட்டமே வந்துச்சு. 2013 கடைசி ராத்திரி சான் பிரான்சிஸ்கோவுல ட்ரிப் இல்லாம ஆப்போட சுத்திக்கிட்டு இருந்த கார் மோதி ஆறு வயசுக் குழந்தை செத்துப் போச்சு. அதுக்கப்புறம் கலிஃபோர்னியாவுல ஆப் ஆன் பண்ணி காத்திருக்குற நேரத்துக்கும் ஒரு ஆளுக்கு 50,000 டாலர் கவர் கட்டாயம்னாங்க, ட்ரிப் அக்செப்ட் பண்ணுனா 10 லட்சம் டாலர். நம்ம ஊர்ல பாலிசி நேரத்தை பிரிக்கறதில்ல, சொந்த வண்டியா வாடகை வண்டியாங்கறதுதான். காத்திருக்குற நேரத்துக்கு ஆப் இன்சூரன்ஸ் வருமாங்கறதை ஆப்லயே "இன்சூரன்ஸ்" பக்கத்துல போய் படிங்க, ட்ரிப் நேரம் மட்டும்னு இருந்தா உங்க காசுல தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுங்க. எடுக்கும்போது வேலை என்னன்னு உள்ளதை எழுதுங்க.

விழுப்புரம்: அண்ணே நேரா கேக்கறேன். ஆக்சிடென்ட் ஆனா "பின்னாடி உக்காந்தது என் மாமா பையன்"னு சொல்லிட்டா?

நேராவே சொல்றேன். வேணாம் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனி விசாரிக்க அனுப்புற சர்வேயர் பயணியை தனியா பாப்பாரு, உன் பேரையே அவருக்கு சொல்லத் தெரியாது. அதையும் தாண்டி ஒரு கேஸ் சொல்றேன். ஒருத்தன் அப்படித்தான் எழுதிக் குடுத்தான், கையெழுத்து நடுங்கிப் போயிருந்தது, கையில கட்டு. ஸ்டேஷன்ல எடுத்து வச்சிருந்த அவன் போனை திருப்பிக் குடுக்கும்போது நான் பக்கத்துல இருந்தேன். டிஸ்ப்ளே முழுக்க விரிசல், சார்ஜ் போட்டதும் ஆப் தானா திறந்துச்சு. ட்ரிப் இன்னும் முடியல, "வாடிக்கையாளரை இறக்கிவிடவும்"னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. பொய்னு தெரிஞ்சதும் அவனுக்கு நியாயமா வர வேண்டிய ஆப் இன்சூரன்ஸும் தடைபட்டுச்சு, உண்மையை சொல்லியிருந்தா அதாச்சும் வந்திருக்கும்.