காட்டுத் தீயால் பாதி வழியில் திரும்பினோம்: கட்டிய பணம் கிடைக்குமா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து இரண்டு வாடகை பைக்குகளில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டு மலைப்பாதையில், பெருமாள்மலைக்குக் கீழே காட்டுத் தீ பரவுவதாகச் சொல்லிப் போலீஸார் எங்களைத் திருப்பி அனுப்பினர். அறைக்கு முன்கூட்டியே கட்டிய 6,400 ரூபாயை விடுதி தர மறுக்கிறது. பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறதாம். பைக் கொடுத்தவரோ, தீப்பொறி விழுந்து சீட்டில் ஓட்டை என்று 5,000 ரூபாய் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். ‘2,000 ரூபாய் கொடுங்கள், இன்சூரன்ஸில் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பைக்கின் நம்பர் பிளேட் வெள்ளை, எழுத்து கறுப்பு. அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. பெட்ரோல் பைக்கை வாடகைக்கு விட வேண்டுமானால் முறையாக அனுமதி பெற்று, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்டிருக்க வேண்டும். முழுக் காப்பீடு எடுத்த வண்டிக்குத் தீயால் வரும் சேதத்துக்கும் இழப்பீடு உண்டுதான். ஆனால் சொந்த வண்டியின் பாலிசியில், வாடகைக்கு விட்டால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும். தவிர, இழப்பீடு வந்தாலும் வண்டி உரிமையாளருக்குத்தான் வரும், உங்களுக்கு வராது.

பிறகு அந்தத் தரகர் எப்படி வாங்கித் தருவார்? ‘உரிமையாளர் என் நண்பர், இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்’ என்று உங்களிடம் எழுதி வாங்குவார். இதேபோல் சிக்கிய ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவர் கையில் இருந்த படிவத்தில் ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. மூன்றிலும் போட்டுவிட்டிருந்தார். நாளை விசாரணை என்று வந்தால் பொய் சொன்னவர் அவர்தான். தரகரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. வாடகை பைக் எடுக்கும் பிள்ளைகள் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள், பலகையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மலையில் விழுந்து அடிபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, சேதத்தின் படத்தையும் பழுது பார்த்த ரசீதையும் கேட்டுப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். ஓட்டை உண்மையென்றால் அந்தச் சீட்டைச் சரிசெய்த செலவு உங்களுடையது. மீதியை அவர் தர வேண்டும். சொந்த வண்டியை அனுமதியின்றி வாடகைக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66, 192ஏ பிரிவுகளில் வரும் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

இனி விடுதி. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரி, மனம் மாறி வராமல் இருப்பவர்களுக்கானது. ஒப்பந்தம் போட்ட பிறகு அதை நிறைவேற்ற முடியாமல் போனால் அது செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. வாங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறது 65ஆம் பிரிவு.

ஆனால் ஒன்றை நிதானமாகப் படியுங்கள், உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. ‘அறை தயாராக இருந்தது, பழநி சாலையும் திறந்திருந்தது, நீங்கள்தான் வரவில்லை’ என்று விடுதி சொல்லும். பழநி சாலை பெருமாள்மலையில் வந்து சேருகிறது. உங்களை நிறுத்தியது அதற்குக் கீழே. ஆகவே அன்று பழநி வழி திறந்திருக்க வாய்ப்பு உண்டு. திறந்திருந்தால் ‘முடியாமல் போனது’ என்ற வாதம் பலவீனமாகும். மலையிறங்கிப் பழநியைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, தீப்பிடித்த மலைக்கே மறுபடி ஏறச் சொல்வது நியாயமா என்றுதான் நீங்கள் கேட்க முடியும். நான் நியாயமில்லை என்பேன். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய தீயில் 23 பேர் இறந்த மாவட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. பெருமாள்மலையிலேயே அடைத்திருந்தால் இரண்டு வழியும் போச்சு, உங்கள் கட்சி பலமாகிவிடும். பயந்து நீங்களாகத் திரும்பியிருந்தால் எதுவும் கிடைக்காது.

இதை நிரூபிக்கத் தாள் வேண்டும். சாலையை மறிக்கும் எவரும் இந்த நாட்டில் ஒரு துண்டுச் சீட்டு தருவதில்லை. வாய்மொழியாகப் ‘போ’ என்கிறார்கள், ஆயிரம் பேர் திரும்புகிறார்கள், மறுநாள் அப்படி ஒன்று நடந்ததற்குச் சாட்சி இல்லை. ஒரு வரி அறிவிப்பை இணையத்தில் போட என்ன கஷ்டம்? எனவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, திண்டுக்கல் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். அந்தத் தேதியில் எந்த இடத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது, பழநி சாலை திறந்திருந்ததா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். செல்போனில் எடுத்த புகைப் படங்களை அழிக்காதீர்கள்; நேரம் அதில் பதிவாகியிருக்கும்.

பதில் வருவதற்குள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல விடுதிகள் அந்தக் கட்டத்திலேயே வேறு தேதி தருகிறேன் என்று இறங்கி வரும். அந்தத் தேதியை எழுத்தில் வாங்குங்கள். விடுதி இறங்கி வராவிட்டால் மதுரை நுகர்வோர் ஆணையத்திலேயே, நீங்கள் குடியிருக்கும் ஊர் என்பதால், மனு போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று வாய்தாவிலேயே அந்த மூன்று மாதம் கரைவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் போடுங்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரே கையெழுத்திட வேண்டும். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.